கழுவியாச்சு

“பொம்பளைப் பிள்ளைக்கு மூளைக்கு மாத்திரை கொடுத்தா, நாளைக்கு எவன் கட்டுவான்?” என்றார் தனசிங்.

“கழுவிக் கழுவிக் கையில தோலே உரிஞ்சு போச்சுங்க. ஸ்கூல்லயும் குழாயடியை விட்டு வர மாட்டேங்குறாளாம்” என்றாள் மெட்டில்டா.

மகள் கிருபாவுக்கு மருந்து கொடுக்கலாமா, வேண்டாமா என்று இன்று வந்து முடிவு சொல்லும்படி மவுண்ட் ரோடு மனோதத்துவ டாக்டர் கேட்டிருந்தார்.

“சுத்தமா இருக்கறது ஒரு வியாதியா?”

“கழுவினது அவளுக்கே தெரியுது. ஆனா சந்தேகம் போக மாட்டேங்குதே.”

“சந்தேகம் வந்தா, கழுவியாச்சுன்னு மனசை ஒரு அதட்டு அதட்டணும். ஜெபம் பண்ணணும். எங்க வம்சத்துல யாருக்கும் இந்த மாதிரி கிடையாது. மாத்திரை வேண்டாம்னு நானே டாக்டர்கிட்ட சொல்லிடறேன்.”

“சொல்லுங்க. அப்படியே, கதவைப் பூட்டியாச்சுன்னும் ஒரு அதட்டு அதட்டிட்டு, பூட்டுலேருந்து கையை எடுங்க.”

தனசிங் பூட்டை மறுபடியும் இழுத்துப் பார்த்தார். காலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் தெருமுனை வரை போய், இதற்காகவே திரும்பி வந்துகொண்டிருந்தார்.

தெருமுனையிலிருந்து கிருபா குரல் கொடுத்தாள்.

“அப்பா, இந்த ட்ரெயினும் போயிடுச்சு. கதவைத் திறந்து விட்டீங்கன்னா, நான் இன்னொரு தரம் கை கழுவிட்டு வந்துடறேன்.”

தனசிங் மகளையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மெட்டில்டா, அந்த மாத்திரையைப் பெரியவங்களுக்கும் கொடுப்பாங்களாமா?”