நட்புக் காட்டுத் தேன்

“பக்கத்துக் காடு நமக்கு நட்புக் காடு. அங்கே தயாரான தேனுக்கு வரி கிடையாது” என்று எல்லைக் கரடி அறிவித்தது. அந்தக் காட்டுத் தேனீ ஆசையாக ஒரு குடம் கொண்டுவந்தது.

“நேற்றே விதி மாறிவிட்டதே! பூவும் உங்கள் காட்டுப் பூவாக இருக்க வேண்டும்” என்று வருத்தத்தோடு பாதிக் குடத்தை நக்கிக்கொண்டது கரடி.

அடுத்த முறை தேனீ சொந்தக் காட்டுப் பூக்களில் மட்டுமே அலைந்து சேர்த்தது.

“இப்போது செடிக்கு விதை எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கிறோம்.”

“குருவி கொண்டுவந்து போட்டதுங்க ஐயா. உங்கள் காட்டு விதைதான். உங்கள் சொந்தச் சரக்குக்கே வரி ஏது?” என்றது தேனீ, ஜெயித்துவிட்ட தெம்பில்.

“அடடே, எங்கள் தேனா!” கரடி குடத்தைக் கட்டிக்கொண்டது. “வந்து சேர்ந்துவிட்டது. இத்தனை நாள் வெளியே வைத்திருந்ததற்கு அபராதத்தை எடு.”