கைச்சூடு

"சென்சார் போயிடுச்சு, மாத்தியே ஆகணும்னு சொல்றேன்..."

"அதுல யாரும் கை வைக்க வேணாம்னு நானும் சொல்..."

"கை வைக்காம விட்டா மொத்த மிஷினும் படுத்துக்கும்! ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு அலாரம் தானா அடிச்சுதுன்னு நீதானே சொன்னே?" என்றார் கணவர்.

சொன்னது அவள்தான். மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்து வந்த கணவரிடம் அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தாள். அந்தப் பொய் இன்றைக்கு ஒரு மெக்கானிக்காக வந்து, கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

எதிரே ஒயின் கூலர், ஒயினைக் குளிராக வைக்கும் சின்ன ஃபிரிட்ஜ். உள்ளே ஆறு பாட்டில். இரண்டு வருஷமாக ஒன்றுகூடக் குறையவில்லை. ஆசையாய் வாங்கி அடுக்கிய மகன்தான் போய்ச் சேர்ந்துவிட்டான்.

"இந்த போர்டு கம்பெனியோடது இல்லையே, சார்?"

"எங்க பையன் தானே செஞ்சு மாட்டினது."

"அதான் இழுக்குது. புதுசு போட்டுட்டா கவலையே..."

"வேண்டாம்!"

இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இவருக்கு என்ன வந்தது என்று அவள் கணவரைப் பார்த்தாள்.

"சரி சரி, இருக்கிறதையே பார்க்கிறேன்." மெக்கானிக் குளிரை அளக்கும் சென்சாரை வெளியே இழுத்தார். கறுப்பு ஒயர், நுனியில் மிளகு போல ஒரு குமிழ். ஐஸ் தண்ணீரில் முக்கினார். திரையில் பூஜ்யம் வந்தது.

"சென்சார் தங்கம், அம்மா. பொய்யே சொல்லலை." போனை போர்டோடு இணைத்துப் பார்த்தார். "தினசரிக் கணக்கு எல்லாம் இதுல இருக்கு. எப்பவும் பன்னிரண்டு டிகிரி. மத்தியானம் மூணு மணியானா விறுவிறுன்னு முப்பத்திரண்டு. யாரோ கதவைத் திறந்து இதைக் கைக்குள்ள பொத்தி வச்சிருக்காங்க."

"நான்தான்," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

மெக்கானிக் போனில் விரலை மேலே தள்ளிப் பார்த்தார்.

"விடியக்காலை அஞ்சு மணிக்கும் நீங்கதானா?"

"அஞ்சு மணிக்கா? தூக்க மாத்திரை போட்டா ஏழு வரைக்கும் எனக்கு இடி விழுந்தாலும் தெரியாதேப்பா..."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தாள். நாள் தவறாமல் ஐந்து மணிக்கு வாக்கிங் கிளம்புகிறவர், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"இதோ பாருங்க, இப்படித்தான்." மெக்கானிக் சென்சாரை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். இருபது. இருபத்தைந்து. முப்பது.

பெட்டிக்குள்ளிருந்து ஓர் இளங்குரல் சிரிப்போடு கூப்பிட்டது: "அம்மா! அப்பா! யாராவது வந்து கதவைச் சாத்துங்களேன், எனக்கு வேர்க்குது!"

மெக்கானிக்கும் சிரித்துவிட்டார். "அட, அலாரத்துக்குத் தன் குரலையே வச்சிருக்காரே! உங்க பையன்தானே, அம்மா? கொஞ்சம் கூப்பிடுங்களேன், ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்."