அக்கா இருந்த லேயர்

மற்ற பக்கங்களெல்லாம் பதிப்பகத்துக்குப் போய்விட்டன. கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி. அதிலும் ஒரே ஒரு பேச்சுப் பலூன்.

திரையில் மருத்துவமனை அறை. கட்டிலில் அம்மா. பக்கத்து நாற்காலியில் அக்கா, அம்மாவின் கையைப் பிடித்தபடி. அம்மாவின் வாயிலிருந்து கிளம்பும் பலூனுக்குள் எதுவும் இல்லை.

இதற்கு முன் அவன் வரைந்த கிராஃபிக் நாவல்கள் எல்லாம் அடுத்தவர் கதை. இது அம்மாவின் கதை. அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று மட்டும் தெரியாது. அவன் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தபோது கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள். நாற்காலி அப்படியே கிடந்தது. ஏனோ அதை போட்டோ எடுத்துக்கொண்டான்.

அறையையும் சாமான்களையும் முழுசாக வரைந்து முடித்துவிட்டு, ஆட்களைத் தனி லேயரில், கண்ணாடித் தாளில் வரைந்ததுபோல், மேலே வைப்பது அவன் வழக்கம். ஆள் மறைக்கப்போகிற நாற்காலிக்கும் நான்கு கால், கிழிந்த ரெக்சின் எல்லாம் உண்டு. வெட்டி வேலை என்பாள் அக்கா.

அக்கா டீயோடு வந்து திரையைக் குனிந்து பார்த்தாள்.

"என் மூக்கு என்ன குடமிளகாயாடா?"

அவன் சிரித்து வைத்தான். பலூனைக் காட்டி, அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டான்.

இதுவரை கேட்டதில்லை. அக்கா பக்கத்திலேயே இருந்தாள் என்று எல்லோரும் சொன்னதே போதுமானதாக இருந்தது.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் அங்க இல்லடா. கீழ மருந்துக்கு வரிசைல நின்னுட்டிருந்தேன். கேட்டவங்ககிட்ட எல்லாம் பக்கத்துலயே இருந்தேன்னு சொல்லிட்டேன்."

அவன் தலையசைத்தான். டீயில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு திரையோரத்தில், அக்காவின் லேயரைக் காட்டவும் மறைக்கவும் இருந்த சின்னக் கண் குறியைப் பேனாவால் தொட்டான். கண் மூடிக்கொண்டது.

அக்கா இருந்த இடத்தில் நாற்காலி முழுசாக இருந்தது. நான்கு கால். கிழிந்த ரெக்சின். அம்மாவின் கை மட்டும், பிடித்திருந்த வாக்கிலேயே விரிப்பின் மேல் கிடந்தது.

பலூனைக் காலியாக விட்டு அனுப்பினான்.

டீ ஆறுவதற்குள் பதிப்பகத்திலிருந்து செய்தி. முன்பு அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் நாற்காலியில் அக்கா இருந்தாரே, பலூனில் எழுத்தும் வரவில்லையே, லேயர் ஏதும் விட்டுப்போயிற்றா என்று.

அக்காவும் படித்தாள்.

எதுவும் விட்டுப்போகவில்லை என்று பதில் அனுப்பினான்.