லிகாயாவின் துணியும் கத்தரிக்கோலும்

பிலிப்பைன்ஸ் மலையூர் ஒன்றில் லிகாயா என்பவள் கையால் நெய்த நார்த்துணி, நகரத்து ஆடை வடிவமைப்பாளர் ஒருத்தியின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

"பயப்படாமல் விரிந்து படு. உன்னை ஊரே பார்க்கப்போகிறது," என்றது கத்தரிக்கோல்.

"எனக்கு முன்னால் வந்த துணி எங்கே?" என்று கேட்டது துணி.

"கவுனாகி மேடை ஏறிவிட்டதே."

மேசைக்கடியில் கிடந்த துண்டு ஒன்று முனகியது: "அதில் வெட்டிப்போட்ட மிச்சமாக நாங்கள் இங்கேதான் கிடக்கிறோம். நெய்தவள் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை."

துணி மடிப்பை இறுக்கிக்கொண்டது. வடிவமைப்பாளர் இழுத்தும் நீவியும் பார்த்தாள், அது விரியவில்லை. கடைசியில் லிகாயாவையே வரவழைத்தாள்.

கத்தரிக்கோல் அவளிடமும் இனிக்க இனிக்கப் பேசியது. லிகாயா அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கே வெட்டலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்," என்றாள் வடிவமைப்பாளரிடம்.

துணி ஒரே ஒரு மடிப்பை மட்டும் விரித்தது.