டிக்கிக்குள் ஒரு கடல்

ஒரு காரின் டிக்கிக்குள், பாட்டின் அடிநாதத்தை அதிர முழக்கும் பெரிய சப்வூஃபரும் அதற்குச் சக்தி தரும் குட்டி ஆம்ப்ளிஃபயரும் குடியிருந்தன. ஆம்ப்ளிஃபயர் அனுப்பும் மின்சாரத்தை வூஃபர் கடலலையாக மாற்றும். அந்தத் தாலாட்டில் பக்கத்தில் கிடக்கும் ஸ்டெப்னி டயர்கூடக் கண்ணயரும்.

"இன்னும் பெரிய அலை அனுப்பவா அக்கா?" என்றது ஆம்ப்ளிஃபயர்.

"உன்னால முடியுமா?"

"ஏன் முடியாது?"

முடியவில்லை. மூச்சைப் பிடித்துத் தள்ளியதில் ஒவ்வொரு அலையும் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகப் போய், வூஃபரின் கம்பிச்சுருளைச் சூடாக்கியது.

"எனக்குச் சுடுதுடா. முன்னாடி அனுப்பின சின்ன அலையே நல்லா இருந்துச்சு," என்றது வூஃபர்.

அதைக் கேட்ட வெட்கத்தில் ஆம்ப்ளிஃபயர் இன்னும் பலமாகத் தள்ளியது. வூஃபருக்குள்ளிருந்து கருகல் வாடை வந்தது. கடல் நின்றது.

வெகுநேரம் கழித்து, அந்த இருட்டில் ஆம்ப்ளிஃபயர் மெதுவாகக் கேட்டது.

"அக்கா, சின்னதாவே அனுப்பவா?"