மாப்பிள்ளை அலர்ஜி

"இந்தப் பையன் வாசல்ல கால வெச்சாலே எனக்கு உடம்பெல்லாம் தடிக்குது. கல்யாணம் வேணாம் லா!"

அபூபக்கர் கையைச் சொறிந்தபடியே கத்தினார். தேயிலைத் தொழிற்சாலையில் கேன்டீன் நடத்துபவர், குரலுக்குக் கேட்கவா வேண்டும்! அதே தொழிற்சாலையில் சூப்பர்வைசரான அஸார், ரிங்லெட் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்து வந்த தலையோடு எதிரே பவ்யமாக உட்கார்ந்திருந்தான்.

அவர் மகள் ஃபாராவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. பல்கலைக்கழகத்தில் அவள் ஆராய்ச்சி செய்வதே அலர்ஜியைத்தான். அதுவே இப்போது அவள் கல்யாணத்துக்கு உலை வைக்கிறது.

"அத்தா, மனுஷனுக்கு மனுஷன் அலர்ஜி ஆவானா? தோலுக்கு அடியில மாஸ்ட் செல்னு காவல்காரங்க இருக்காங்க. ஆபத்துன்னு நெனச்சா பொங்கித் தடிக்க வெக்கறது அவங்கதான். அந்த செல்லுக்குள்ள ரசாயனத்த மோப்பம் பிடிக்கிற ஏற்பி ஒண்ணு இருக்கு. எவ்வளவு பொங்கணும், எப்ப அடங்கணும்னு அது சொல்லும்."

"எந்த ரசாயனம்?"

"எவ்வளவோ இருக்கு. சிகரெட் புகைன்னா சில பேருக்கு..."

அவள் முடிப்பதற்குள் அபூபக்கர் எழுந்துவிட்டார். கதவோரம் ஆணியில் தொங்கிய, தொழிற்சாலையில் எல்லோருக்கும் கொடுக்கும் பச்சை ஜாக்கெட்டை முகர்ந்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"வா, இவன் ஜாக்கெட்ட நீயே மோந்து பாரு! நான் புனிதப் பயணமா உம்ரா போயிட்டு வந்ததுலேர்ந்து இந்த வீட்டுல சிகரெட் வாடை உண்டா? ஊதறவனுக்கு என் பொண்ணு கிடையாது!"

ஃபாரா முகர்ந்தாள். சந்தேகமே இல்லை, சிகரெட்தான். இல்லையென்று சொல்லுவான் என அஸாரைப் பார்த்தாள். அவனோ அபூபக்கரை ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை நாள் பழகியும் மறைத்துவிட்டானே!

சத்தம் கேட்டு அம்மா ஜைனப் அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். அவள் கையில் ஈரமாக இன்னொரு பச்சை ஜாக்கெட்.

"ஏங்க இப்படிக் கூச்சல் போடுறீங்க? மாப்பிள்ளையோட ஜாக்கெட் இன்னும் காயவே இல்ல. ஆணியில இருக்கறது உங்களுது. கேன்டீன்லயே விட்டுட்டு வந்துட்டீங்க, நான்தான் எடுத்தாந்து மாட்டினேன்."

அபூபக்கர் சொறிவதை நிறுத்தினார்.

"இவன் வர்ற அன்னிக்கு மட்டும்தாம்மா ஊதறேன். இவனுக்கும் தெரியும்," என்றார் மெதுவாக. "நீ இவன்கூடப் போயிடுவியேன்னு நெனச்சா, கை தானா சிகரெட்டத் தேடுது."