ஒரே ஓட்டை

என் மொன்டானா பண்ணையில் தரை அணில்கள் பொந்து தோண்டியே மேய்ச்சல் நிலத்தை நாசம் செய்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து அவற்றைச் சுடலாம். ஆனால் என் மாடுகளும் அங்கேதான் மேய்வதால், கேட்டிலேயே ஒரு சோதனை உண்டு. முந்நூறு கஜம் தள்ளி ஆளுக்கொன்றாக வரிசையில் ஒட்டிய தாளில் ஐந்து தோட்டாவும் உள்ளங்கை அளவுக்குள் விழ வேண்டும்.

ஆரின் சுட்டுவிட்டுத் தன் தாளை நீட்டினான். அதில் ஒரே ஓட்டை.

“மிச்சம் நாலு எங்கடா?”

“அஞ்சும் அதே ஓட்டை வழியாப் போயிருக்குண்ணே! இந்த செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிக்குக் குழல மாத்தினேன், விசைய இழைச்சேன், வெடிமருந்தக்கூட நானே நிறுத்து அடைச்சேன். குளிர்காலம் பூரா இதே வேலதான்.”

அசந்துபோய்க் கேட்டைத் திறக்கப் போனேன்.

அதற்குள் அவனுக்குப் பக்கத்து மேசையிலிருந்து சுட்ட வெர்னா தன் தாளோடு வந்தாள்.

“நான் அஞ்சுதாண்ணே சுட்டேன். இதுல ஒம்பது ஓட்டை இருக்கே?”

வாங்கிப் பார்த்தேன். ஐந்து ஓட்டைகள் அங்கங்கே சிதறிக் கிடந்தன. மீதி நான்கும் நட்டநடுவில், ஒரு காசுக்குள் அடங்கியிருந்தன.

“ஆரின், துப்பாக்கி பிரமாதம்ப்பா,” என்றேன். “அது உள்ள போகட்டும். நீ வெளியவே நில்லு.”